செல்லாக்காசு

அந்த வருடம் புவனோஸ் ஐரிஸில்
நாணயத்துக்குத் தட்டுப்பாடு.
மனிதர்களிடம் இருந்ததா என்பது
வேறு பேச்சு. நான் சொல்வது
பேருந்து வாசலில் நிற்கும் எந்திரம் தின்பதை.
அது தாளைத் தின்னாது,
கெஞ்சலைத் தின்னாது,
சில்லறையை மட்டும் தின்னும்.

எங்கள் தெருமுனையில் சீனர் கடை.
அல்மாக்ரோவில் எல்லோருக்கும் அது வெறும் சீனா.
"சீனாவுக்குப் போய் ரொட்டி வாங்கி வா" என்று
பிள்ளைகளை அனுப்புவார்கள்.
பத்து நிமிடத்தில் திரும்பிவிடும் பிள்ளைகள்.

கல்லாவில் யூச்சின்.
காய்கறி மூலை, கொச்சபாம்பாவிலிருந்து வந்த
எலூதெரியோவுக்கு வாடகை.
கறி வெட்டும் மேடை ஒஸ்வால்டோவுடையது.
ஒரு கூரை, மூன்று தராசு,
மூன்றும் மூன்று விதமாகப் பொய் சொல்லும்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
போகிற வழியில் பால், மாத்தே இலை, ஏதாவது.
பத்து சென்டாவோ மீதி என்றால் ஒரு மிட்டாய்.
இருபது என்றால் இரண்டு.
மாத்திரை கொடுப்பதுபோல் உள்ளங்கையில் வைப்பாள்.
கல்லாப்பெட்டி மூடுகிற நொடியில்
உள்ளே காசு குலுங்குவது கேட்கும்.
"இருக்கிறதே?" என்பேன்.
"இல்லை" என்பாள்.
ஸ்பானிய மொழியில் அவள் கற்ற முதல் சொல்
அதுவாகத்தான் இருக்க வேண்டும்,
அவ்வளவு சுத்தம் உச்சரிப்பு.

எலுமிச்சை, சோம்பு, பால்,
எந்தப் பழமென்று தெரியாத ஒரு சிவப்பு.
சர்க்கரை வியாதிக்காரன் நான்.
ஆலிவ் காய் தீர்ந்த ஜாடியில்
போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட். காது உறையும் குளிர்.
சம்பளத்துக்கு இன்னும் இரண்டு நாள்.
ஜாடியைக் கொண்டுபோய்க் கல்லாமேல் கவிழ்த்தேன்.
"ஒரு லிட்டர் பால்.
நீ தந்த காசுதான், எண்ணிக்கொள்."
வழியெல்லாம் கூர் தீட்டிய வசனங்கள்
நாக்கின் அடியில் தயாராக இருந்தன.
எனக்குப் பின்னால் ஆறு பேர்.

அவள் கோபப்படவில்லை.
கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.
ஒட்டிப்போனவற்றை நகத்தால் பிரித்து
தன் மொழியில் எண்ணத் தொடங்கினாள்.
வரிசையும் முணுமுணுப்பாய்க் கூடவே எண்ணியது.
ஒஸ்வால்டோ கத்தியோடு எட்டிப் பார்த்தான்.
இருபத்திரண்டில் நிறுத்தி,
மீந்த இரண்டை ஒற்றை விரலால்
ஓரமாகத் தள்ளினாள்.

"இது எங்களுடையது இல்லை.
மெத்ரானோ தெருக் கடையுடையது.
இங்கே செல்லாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.
என் வசனங்களில் ஒன்றுகூட
இதற்குப் பொருந்தவில்லை.
உண்மைதான். மெத்ரானோ தெருவில்
சவர பிளேடு வாங்கியபோது வந்தவை.
காகிதத்தின் ஓரத்தில்
ஊசி நூல்போல ஒரு பச்சைக் கோடு.
நான் பார்த்ததே இல்லை.

"என் கணக்கில் எழுது" என்றான்
வெங்காயத்துக்குப் பின்னாலிருந்து எலூதெரியோ.
"உன் கணக்கே நாற்பது" என்றாள் திரும்பாமல்.

பெட்டி திறந்தது.
எட்டிப் பார்த்தேன், வெட்கமில்லாமல்.
ஐந்தோ ஆறோ காசு,
ஒரு ரப்பர் வளையம்,
ஒரு பெண் குழந்தையின் கொண்டை ஊசி.
இத்தனை மாதமும் குலுங்கியது
இவ்வளவுதானா?
என் இருபத்திரண்டும் அதில் சத்தமில்லாமல் விழுந்தன.

"இருபது சென்டாவோ பாக்கி" என்றாள்.
"நாளைக்கு.
காசாக."

பிறகு அந்தச் செல்லாத இரண்டில் ஒன்றை உரித்துத்
தன் வாயில் போட்டுக்கொண்டாள்.
மற்றதை என் பக்கம் நகர்த்தினாள்.
எனக்கு ஆகாது என்று சொல்ல நேரம் இருந்தது.
வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.
போட்டுக்கொண்டேன்.

சோம்பு.

பால் பையைக் கோட்டுக்குள் அணைத்தபடி
பதினோரு தெரு நடந்தேன்.
காலிப் பேருந்து ஒன்று கடந்து போனது,
எல்லா விளக்கும் எரிய.
ஏழாவது தெருவரை
அது கரையவில்லை.